பாகம் மாறிய பின்னும் அதே வாகனமா?

ஒரு பொருளின் உறுப்புகளில் ஒன்றை அகற்றி அதன் இடத்தில் வேறொன்றைப் பொருத்தினால், அது முன்பிருந்த அதே பொருளாக நீடிக்கிறதா, அல்லது பழைய பெயரைத் தாங்கிய புதிய பொருளாகிவிடுகிறதா என்னும் வினாவை இந்திய மெய்யியலாரும் கிரேக்க மெய்யியலாரும் தனித்தனியே எழுப்பி, வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளனர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் தம் பட்டறையில் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொள்கின்றனர். அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1963 முதல் 1967 வரை தயாரித்த இரண்டாம் தலைமுறை கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் பின்புற ஸ்பிரிங்கை மாற்றும் பணி இதற்குத் தக்க சான்றாகும்.

பல உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுமை ஏறும்போது வளைந்து கொடுத்து மீளுமாறு அமைத்த உறுப்பே லீஃப் ஸ்பிரிங் எனப்படுகிறது. தமிழகத்து லாரிப் பட்டறைகளில் இதனைக் கமான் பட்டை என்பர். இதனைப் பயன்படுத்தும் பெரும்பாலான வாகனங்களில் இது சக்கரத்துக்கு ஒன்றாக, வண்டியின் நீளவாக்கில் அமைந்திருக்கும். கார்வெட்டிலோ ஒரே ஸ்பிரிங் குறுக்குவாட்டில் படுத்து, நடுவில் நான்கு போல்ட்டுகளால் டிஃபரன்ஷியலோடு, அதாவது எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டியோடு, பிணைக்கப்பட்டு, இரு முனைகளிலும் நீண்ட போல்ட்டுகளின் வழியாகச் சக்கரங்களைத் தாங்கும் கைகளோடு இணைகிறது. சாதாரண கார்களில் ஒன்பது பட்டைகள் இருந்தன. பல்லாண்டு சுமை தாங்கிய உருக்கு தளர்ந்து, காரின் பின்புறம் தாழ்ந்துவிடும்போது, உரிமையாளர் முன் இரு வழிகள் தோன்றுகின்றன. பழைய வடிவத்திலேயே செய்த உருக்கு ஸ்பிரிங்கை வாங்கலாம். அல்லது வெளி நிறுவனங்கள் விற்கும், கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து ஒரே பட்டையாக வார்த்த ஸ்பிரிங்கை வாங்கலாம். பிந்தையது உருக்கு அடுக்கின் எடையில் ஒரு சிறு பங்கே உடையது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் எழும் விறைப்பு அதில் இல்லையாதலால், வண்டி மென்மையாக ஓடும். கார்வெட் தயாரிப்பாளரே 1981இல் சில கார்களுக்கு இத்தகைய ஸ்பிரிங்கை ஏற்றுக்கொண்டனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

பொருத்தும் பணி பொறுமையைக் கேட்பது. சட்டகத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, அடியிலுள்ள ஸ்டெப்னித் தொட்டியை இறக்கிய பின், ஸ்பிரிங்கின் ஒரு முனைக்கருகே ஜாக்கி நழுவாதபடி ஒரு கவ்வியை இறுக்கி, போல்ட்டின் மேலுள்ள இழுவிசை நீங்கும் வரை முனையை மெல்ல உயர்த்த வேண்டும். வளைந்த உருக்கில் தேங்கியிருக்கும் விசை திடீரென விடுபட்டால் உயிருக்கே ஆபத்து நேரும். நட்டைக் கழற்றி, ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்கி, மறுமுனையிலும் அவ்வாறே செய்த பிறகுதான் நடுவிலுள்ள நான்கு போல்ட்டுகளில் கைவைக்கலாம். புதியதைப் பொருத்தியபின் வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்டு, இருபுறமும் உயரத்தை அளந்து, முனை போல்ட்டுகளைத் திருத்தி, சக்கரங்களின் சாய்வையும் நேரமைவையும் சோதிக்க வேண்டும். ஓர் உறுப்பு மாறியதால் ஏனைய உறுப்புகளின் நிலையும் மாறுவதும், எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றுக்கொன்று இசைவிக்க வேண்டியிருப்பதும், கார் என்பது பாகங்களின் குவியல் அன்று, அவற்றுக்கிடையேயான உறவும்கூட என்பதைக் காட்டுகின்றன.

இவ்வுறவுக்குத் தனி இருப்பு உண்டா என்பதில்தான் இந்திய மரபுகள் பிரிகின்றன. நியாய வைசேடிகர் உறுப்புகளை அவயவம் என்றும், அவற்றில் உறையும் முழுமையை அவயவி என்றும் குறித்து, முழுமை உறுப்புகளினின்று வேறான உண்மைப் பொருள் என்று நிறுவினர். அவர்கள் இதற்குக் கொடுத்த விலை பெரிது: துணியில் ஓர் இழையை உருவினாலும் பழைய துணி அழிந்து, எஞ்சிய இழைகளில் புதிய துணி தோன்றுகிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அக்கணக்கின்படி, ஸ்பிரிங்கைக் கழற்றிய கணத்திலேயே 1963ஆம் ஆண்டுக் கார் மறைந்துவிடுகிறது. பௌத்தரோ முழுமை என்ற தனிப்பொருளையே மறுத்தனர். மிலிந்த பன்ஹா என்னும் பாலி நூலில், மினாண்டர் என்ற கிரேக்க வழி அரசனிடம் நாகசேனர், அவன் ஏறிவந்த தேரைச் சுட்டி, ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர், இவையனைத்தும் சேர்ந்ததா தேர், இவற்றுக்குப் புறம்பான ஏதேனுமா தேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதற்கும் அரசன் ஆம் என்னாமையால், தேர் என்பது இவ்வுறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே என்று அரசனையே சொல்ல வைக்கிறார். சமணர் இரு துருவங்களையும் விலக்கி, தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே உடையதே பொருள் என்று தத்துவார்த்த சூத்திரத்தில் வரையறுத்தனர். அவர்கள் நோக்கில் ஸ்பிரிங் மாறியது ஒரு நிலையின் அழிவும் மற்றொன்றின் பிறப்புமாகும். கார் அவ்விரு நிலைகளினூடே தொடர்கிறது.

கிரேக்க மரபில் இவ்வினாவைத் தாங்கி நிற்பது தீசியஸ் என்னும் தொன்மக் கதை வீரனின் கப்பல். ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலைப் பேணி, உளுத்த பலகைகளை அகற்றிப் புதியவற்றைப் பொருத்தி வந்தமையால், அது அதே கப்பல்தானா என்பது மெய்யியலாரின் விவாதப் பொருளாயிற்று என்று புளூட்டார்க் எழுதுகிறார். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ், அகற்றிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து அதே வரிசையில் மற்றொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது உண்மையானது என்று வினாவைக் கூர்மையாக்கினார். கழற்றிய உருக்கு ஸ்பிரிங்கை எண்ணெய் தடவிக் கொட்டகையில் பாதுகாக்கும் உரிமையாளர், தம்மை அறியாமலே ஹாப்ஸின் இரண்டாம் கப்பலுக்கு முதற்பலகையைச் சேர்த்து வைக்கிறார்.

அடையாளத்தை எதில் நாட்டுவது என்பதற்கு மூன்று உரிமைக் கோரிக்கைகள் எழுகின்றன. மூலப்பொருளே அடையாளம் என்றால், தளர்ந்த ஸ்பிரிங்கும் போற்றத்தக்கது. தொழிற்சாலை முதலில் பொருத்தியது அதையே. வடிவமே அடையாளம் என்றால், ஒன்பது பட்டைகளோடு புதிதாகச் செய்த உருக்கு போதும். செயலே அடையாளம் என்றால், கண்ணாடி இழை ஸ்பிரிங்குக்கே உரிமை மிகுதி. பார்வை இழந்த கண் பெயரளவில் மட்டுமே கண் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டதைப் போல, சாலையில் ஓடவியலாத ஸ்போர்ட்ஸ் கார் பெயரளவில் மட்டுமே ஸ்போர்ட்ஸ் கார். அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பெற்ற தேசிய கார்வெட் மீட்டமைப்போர் சங்கம், கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிடுகிறது. அங்கு வெளிச்சந்தை ஸ்பிரிங் மதிப்பெண்ணைக் குறைக்கும். நாள்தோறும் ஓட்ட விரும்புவோருக்கு அதே ஸ்பிரிங் காரின் உயிரை மீட்டுத் தருவதாகும். இரு தரப்பாரும் ஒரே காரைத்தான் நேசிக்கின்றனர். அதன் எந்தக் கூற்றுக்குக் கடமைப்படுகின்றனர் என்பதில் வேறுபடுகின்றனர்.

இவ்வினா நீதிமன்றத்தையும் எட்டியுள்ளது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெமான் பந்தயத்தை வென்ற, ஓல்டு நம்பர் ஒன் என வழங்கப்பட்ட பென்ட்லி கார், பின்னர் எஞ்சின், சட்டகம், உடற்கூடு எனப் பலவும் மாற்றப்பெற்று, 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தடத்தில் ஓட்டுநரைப் பலிகொண்ட விபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பெற்றது. அதனை வாங்க ஒப்புக்கொண்ட தரப்பு, இது அந்தக் கார் அன்று என மறுத்தபோது, 1990இல் லண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி ஆட்டன், தொடக்ககாலப் பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தபோதிலும், இடையறாத வரலாற்றைக் கருதி, இது ஓல்டு நம்பர் ஒன் என்றே அழைக்கத் தகும் என்று தீர்ப்பளித்தார். பாகங்களின் கணக்கு தராத விடையை, ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையிலிருந்தே எழுந்தது என்னும் தொடர்ச்சி தந்தது.

எனினும் தொடர்ச்சி மட்டும் போதாது. அது எதற்குத் தேவை என்பதையும் கேட்க வேண்டும். இதற்கான விடை மிலிந்த பன்ஹாவிலேயே மற்றோர் இடத்தில் கிடைக்கிறது. மாம்பழம் திருடியவன், உரிமையாளர் நட்டது வேறு மாங்கனி, தான் பறித்தது வேறு கனி என்று வாதிட்டால் அவன் குற்றமற்றவனாவானா என்று நாகசேனர் கேட்க, பின்னது முன்னதைச் சார்ந்தே விளைந்ததால் அவன் தண்டனைக்குரியவனே என்று அரசன் விடையிறுக்கிறான். நிலையான பொருளொன்று இல்லை என்ற பின்னும் பொறுப்பு நீங்குவதில்லை. மாற்றங்களின் வழியே பொறுப்பைக் கடத்திச் செல்வதே தொடர்ச்சியின் பயன். தேர் என்பது வழக்குப் பெயரே என்றாலும், வழக்கைப் பொய்யாகப் பயன்படுத்தும் உரிமையை அவ்விடை எவருக்கும் வழங்கவில்லை.

ஆகவே, பழைய காருக்குப் புதிய ஸ்பிரிங் பொருத்துவோர் அதன் அடையாளத்தை அழிப்பவர் அல்லர். மாற்றத்தை மறைப்பவரே அதனை அழிப்பவர். என்ன கழற்றப்பட்டது, எப்போது, எதனால், எது பொருத்தப்பட்டது என்ற குறிப்பு காரோடு அடுத்த உரிமையாளரின் கைக்குச் செல்லுமானால், வெளிச்சந்தைப் பட்டையும் அதன் வரலாற்றின் ஒரு வரியாகிவிடுகிறது; அதே பட்டையை 1963இல் தொழிற்சாலை பொருத்தியது என்று சொல்லி விற்கும்போது, மற்ற பாகங்கள் யாவும் அசலாகவே இருந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுகிறது. மனிதரும் உடலிலும் எண்ணத்திலும் இடைவிடாது மாறிக்கொண்டே, நேற்றைய சொல்லுக்கு இன்று பொறுப்பேற்பதன் மூலமே தாம் அவரே என்று நிறுவுகின்றனர். பொருளின் அடையாளம் அதற்குள் ஒளிந்திருக்கும் மாறாத கரு அன்று. அதனைப் பேணுவோர் உண்மையைச் சொல்லிக் காக்க வேண்டிய கடமை.