பிரேக் யாருக்கு?

அப்பா விட்டுச்சென்றது 1965ஆம் ஆண்டு பீட்டல் காடி. காற்றால் குளிரும் எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் எண்ணெய்க்கு ஒரே தடம். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போச்சு. "ஒரு போல்ட்டகூட மாத்தாதடா" என்பார். நானும் மாற்றவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

கிள்ளானில் ஒரு மழை மாலை. தேங்கிய நீரைக் கடந்து வந்தபோது ஒரு சிறுவன் குறுக்கே ஓடினான். மிதித்தேன். ஈர டிரம் முதலில் பிடிக்கவே இல்லை. அவன் புத்தகப்பைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது காடி. அவன் சிரித்துவிட்டு ஓடினான். என் கால் வெகுநேரம் நடுங்கியது.

பழமையை ரசிப்பவன் நான். அதற்கு விலை கொடுக்கவிருந்தவன், இந்தக் காடியைப் பற்றி ஒன்றும் அறியாத பிள்ளை. காடியில் மற்றதெல்லாம் எனக்கு. பிரேக் மட்டும் எதிரே வருபவனுக்கு. அவனைக் கேட்காமல் என்ன விசுவாசம்?

'அசல் கெட்டுடும்' என்றார்கள் நண்பர்கள். 1966இலேயே பீட்டல் 1500க்குத் தொழிற்சாலையே முன்சக்கர டிஸ்க் பொருத்தியிருக்கிறது. எந்த ஆண்டோடு அசல் நின்றுபோகிறது?

முன்னால் டிஸ்க்கும் இரட்டைத் தட மாஸ்டர் சிலிண்டரும் போட்டாச்சு. கழற்றிய டிரம்களை "வீசிடவா?" என்றார் போமன். வேண்டாமென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் சொல்லை மீறியது உண்மைதானே. அது என் கண்ணில் படும்படி இருக்கட்டும்.