பெயருக்கா, படிப்புக்கா?

எஸ்டிபிஎம் முடிவு வந்ததும் சாலாக் செலாத்தானில் முதலில் கேட்பது "எந்த யூனி?" என்றுதான். "என்ன படிக்கப் போறே?" என்பது அப்புறம். கணினி அறிவியல் படிக்க நினைக்கும் பலர், தரவரிசையைப் பார்த்தே யூபியு விண்ணப்பத்தை நிரப்புகிறோம். இது சரியா?

தரவரிசை பொய் இல்லை. பேருள்ள பல்கலைக்கழகம் முதல் நேர்காணலுக்குக் கதவு திறக்கலாம். ஆனா கியூஎஸ் பட்டியல் பெரிதும் அளப்பது கல்வியாளர், முதலாளிகளிடம் உள்ள மதிப்பையும் ஆய்வு மேற்கோள்களையும். முதலாண்டு மாணவனுக்கு நிரலாக்கம் எப்படிப் புரிய வைக்கிறாங்க என்று அது சொல்லாது.

நம்ம ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறினால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம். அதே தடத்தில் பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம். புத்ரா, 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. 1997இல்தான் பெயரிலிருந்த 'விவசாயம்' போனது. இன்று அங்கே கணினி அறிவியலும் உண்டு. பெயர் மாறும், கற்றது நிற்கும்.

கீதை சுவதர்மத்தைப் பேசுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பாதை எனக்குப் பாதை ஆகாது. தரவு அறிவியலா, மென்பொருளா, கணினி வலையமைப்பா? எனக்கு எதில் மனம் நிற்கிறதோ, அது எந்தப் பாடத்திட்டத்தில் ஆழமாக இருக்கிறது என்று பார்ப்பதே என் கடமை.

இன்னொன்று. அரசுப் பல்கலைக்கழக இடத்தின் செலவில் பெரும்பகுதி மக்கள் வரிப்பணம். அந்த இடத்துக்காக ஏங்கிக் கிடைக்காமல் போனவர்கள் நம்மிடையே உண்டு. மனமில்லாமல், பெயருக்காக மட்டும் அதில் உட்காருவது இன்னொருத்தர் இலையில் சோற்றை வாங்கி வீணாக்குவது போல.

நண்பர்களே, பட்டியலை மூடிவிட்டுப் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு வரிசை போடுங்கள்.