வேறு வண்டியின் கதவு



பழுதுபட்ட பொருளொன்றுக்கு வேறொன்றின் உறுப்பை எடுத்துப் பொருத்துவது நியாயமா, மோசடியா? அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் மனச்சாட்சியுள்ளவன் இதற்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். உதாரணமாக, அமெரிக்க தேசத்தில் பழைய பிக்கப் லாரிகளைப் புதுப்பிப்போரின் வேலையைக் கவனிப்போம்.

1947 முதல் 1955-ன் தொடக்கம் வரை ஷெவர்லே கம்பெனியார் ஏறக்குறைய ஒரே உருவத்தில் பிக்கப் லாரிகளைச் செய்து வந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே. கிட்டப் போனால் வித்தியாசம் தெரியும். 1951-ல் கதவின் முன்மூலையில் காற்று வருவதற்கென்று தனியே திறக்கும் சிறு கண்ணாடி வந்தது. 1952-ல் கதவின் வெளிக் கைப்பிடியில் அமுக்கும் பொத்தான் வந்தது. 1954-ல் இரண்டு துண்டாயிருந்த முன்கண்ணாடி ஒரே துண்டாயிற்று.

ஒருவர் 1950-ம் வருஷத்து வண்டியைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதவு துருவேறி உதிர்ந்துவிட்டது. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் 1952-ம் வருஷத்துக் கதவுதான் அகப்படுகிறது. அதை மாட்டுகிறார். மாட்டியவுடன் இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் நிற்கிறது.

பொறுமையுள்ள தொழிலாளி என்ன செய்வான்? கீல்களைத் தளர்த்தி நகர்த்துவான். கேபினின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்து மட்டம் பார்ப்பான். முதலில் கதவைக் கேபினோடு சேர்ப்பான்; பிறகே அக்கதவை அனுசரித்து மட்கார்டையும் பானெட்டையும் அமைப்பான். இவ்வளவும் முடிந்த பின்னரே பெயிண்ட். அவசரக்காரனோ இடைவெளியில் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவான். முதல் நாளில் இரண்டு வண்டிகளும் ஒன்றுபோலவே பளபளக்கும்.

கதவு மாறியபின் அது அதே வண்டிதானா என்று சிலர் கேட்கலாம். இது பழைய வழக்கு. அதேனாப் பட்டணத்தார் தேசேயுவின் கப்பலில் உளுத்த பலகைகளை நீக்கிப் புதுப் பலகைகளை வைத்துக் காத்து வந்தார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ சாஸ்திரிகள் தர்க்கித்தார்கள் என்றும் புளுட்டார்க் எழுதியிருக்கிறார். அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டியதில்லை. கதவு தன்னளவில் பொய் சொல்வதில்லை. தான் 1950-ம் வருஷத்தது அல்ல என்பதை அதன் சிறு கண்ணாடியே காட்டிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்ல வல்லவன் மனிதன் ஒருவனே.

வண்டியை விற்கும்போதுதான் சோதனை வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். விற்கும் பொருளில் ஆபத்தோ நஷ்டமோ விளைக்கும் மறைவான குறையிருந்தால் விற்பவன் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவன். ஒற்றைக் கண் குதிரையைப் போல் குறை வெளிப்படையாயிருந்து, அதற்குத் தக்கபடி விலையையும் குறைத்தால், அவன் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியதில்லை என்கிறார்.

இதைக் கேட்டு ஒருவர், "கதவு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதே; நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்று ஆட்சேபிக்கலாம். இங்கேதான் ஜாக்கிரதை தேவை. குதிரைக்கு எத்தனை கண் என்பதைக் குழந்தையும் அறியும். எந்த வருஷத்துக் கதவில் சிறு கண்ணாடி உண்டு என்பதைப் பழகியவனே அறிவான். ஆகவே தேர்ந்தவனுக்கு வெளிப்படையாயிருக்கும் குறை, புதிதாய் வாங்க வருபவனுக்கு மறைவான குறையே. அவன் கண்ணுக்குத் தெரிந்தது, கருத்துக்குத் தெரியவில்லை. அந்த அறியாமையை விலையாக்கிக் கொள்பவன், வாயால் ஒரு பொய்யும் சொல்லாமலே வஞ்சிக்கிறான். பட்டிக்கடியில் கீல் தூணின் துருவை மூடி வைத்தவன் நிலை இன்னும் மோசம். அதனால் பணம் மட்டுமல்ல, ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பவனுடைய உடலுக்கும் ஆபத்து.

எனவே செய்யத்தக்கது யாது? எந்த உறுப்பை எந்த வண்டியிலிருந்து எடுத்தோம், எங்கே பட்டி வைத்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதிச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவேளை விலை சற்றுக் குறையும். ஆனால் இருபது வருஷங் கழித்து அவ்வண்டியைப் பிரிக்கும் வேறொரு தொழிலாளி, முன்பின் அறியாத ஒருவனுடைய நேர்மைக்கு நன்றி சொல்வான்.

நம்மில் லாரி புதுப்பிப்போர் சிலரே. பழைய சைக்கிளையோ தையல் மெஷினையோ ஒருநாளாவது விற்காத வீடு அரிது. வாங்க வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பதை இன்றிரவு சற்று நினைத்துப் பார்ப்போமாக.