கையொப்பமும் கடப்பாடும்

கடன்பட்டவர் சொன்ன தவணையிற் கொடுத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், தவணைக்கென ஒதுக்கிய பணம் கையிலிருக்கையிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றி, கண்டிக்குக் கொண்டுசெல்லுமாறு வைத்தியர் பணிப்பாராயின், அப்பணம் யாருக்கு உரியது? ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்ட லயங்களிலே கணவனும் மனைவியும் அடிக்கடி விடைகாண வேண்டியுள்ள வினா இது. விரிவுரை மண்டபங்களில் இவ்வினா எழுவது அரிது.

மெய்யியலாளர் இம்மானுவல் காண்ட் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிலே கடன் பற்றிய எடுத்துக்காட்டொன்று உண்டு. திருப்பிக் கொடுக்க இயலாதென அறிந்தும் கொடுப்பதாக வாக்களித்துப் பணம் பெறுபவனை அவர் கண்டிக்கிறார். எல்லோரும் அவ்வாறு செய்யத் துணிவராயின் வாக்குறுதி என்பதே பொருளற்றதாகிவிடும் என்பது அவர் வாதம். வாதம் வலியதே. எனினும் கொழுந்து பறித்து வாழும் பெண் பொய்வாக்குத் தந்தவளல்லள். கடன் பெற்ற நாளிலே கொடுக்கும் எண்ணமும் இருந்தது. அதற்கான கணக்கும் இருந்தது. கணக்கைக் குலைத்தது பின்னர் வந்த செலவு.

அச்செலவை ‘எதிர்பாராதது’ என்பதும் பாதி உண்மையே. நோயும் மரணமும் மழைக்கால வேலையிழப்பும் வரும் என்பது யாவரும் அறிந்தது. வரும் நாளே அறியப்படாதது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆனால் முச்சக்கர வண்டிக்குக் கூலி உண்டு. துணை நிற்பவருக்குச் சாப்பாடு வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தாலே அரைப்பேராகும் இடத்தில், இருவரும் வைத்தியசாலை வாசலில் நின்றால் இருவர் பேரும் போயிற்று. 2021இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 2024இலேயே 1350 ரூபாவாயிற்று. இடையில், 2022இல், நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியிருந்தது. இந்நிலையில் ‘சேமிக்கத் தெரியாதவர்கள்’ என்று தோட்டத்து மக்களைக் குறைகூறுவோர், எதிலிருந்து சேமிப்பது என்பதையும் கூறுவது நன்று.

மலையகத்துக்குக் கடன் புதிதன்று. கங்காணி கொடுத்த முற்பணமே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணித்தது. அவன் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ அவனோடு தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. கடனைத் தீர்க்க இசைந்த துரையிடமே அவன் வேலைக்குப் போக முடிந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்று கடனுக்குப் பொறுப்பு யார் என்பதில் ஐயமிருக்கவில்லை. இன்றைய நுண்கடனில் அது சிக்கலானது. இங்கு கடன் பெறுபவள் பெரும்பாலும் மனைவி. பிணை நிற்போர் அயற் காம்பராப் பெண்கள். ஒருத்தி தவறினால் மற்றையோர் அவளுக்காகச் செலுத்த வேண்டும். 2018இல் ஆண்டு வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதிக்க வேண்டி வந்தது என்பதிலிருந்தே அதற்கு முன்பிருந்த வட்டியின் கடுமையை உய்த்துணரலாம்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. நிறுவனத்துக்குரிய கடப்பாடு அயலாருக்குரிய கடப்பாடாக மாற்றப்பட்டுவிடுகிறது. நிறுவனம் ஒரு தவணையைப் பொறுத்துக்கொண்டால் அதற்குப் பெரிய இழப்பொன்றுமில்லை. ஆனால் அவளுக்காகச் செலுத்தும் அயற்பெண்ணின் வீட்டிலும் பிள்ளை உண்டு. அங்கும் அரிசிப் பானை உண்டு. எனவே ‘பிள்ளையின் உயிரா, கொடுத்த வாக்கா’ என்று கேட்டு உடனே உயிர் என விடையிறுத்துவிடுதல் போதாது. உயிரே முதன்மையானது. அவ்வாறு முடிவுசெய்யும் தம்பதியர் அம்முடிவின் சுமை யார்மேல் இறங்குகிறது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவணை கேட்டு வருபவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்வது வறுமையின் வெட்கமாயிருக்கலாம். பிணை நின்றவளுக்கும் கதவைச் சாத்துவது அநீதி.

கணவனின் நிலை இங்கு தனித்து நோக்கற்பாலது. மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சம்பளத்துக்குக் கைநீட்டியவன், கடன் வந்ததும் ‘கையெழுத்து வைத்தவள் நீதானே’ என்கிறான். கூரைத் தகரத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போன பணம் அவளுடையதாக மட்டும் ஆவது எங்ஙனம்? சில வீடுகளிலோ மனைவியே கடனை மறைக்கிறாள். ஒரு கடனை அடைக்க இன்னொன்று பெறுகிறாள். ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சி மறைப்பவளைக் குற்றஞ்சாட்டுமுன், உண்மை சொல்ல இடந்தராத வீட்டையே குற்றஞ்சாட்டுதல் வேண்டும். எதிர்பாராத செலவு வரும் இரவிலேயே அத்தகைய கடன்களெல்லாம் வெளிப்படுகின்றன. பணமும் நம்பிக்கையும் ஒருங்கே குறையும் இரவு அது.

அவ்விரவிலே தோடு அடகுக்குப் போகலாம். கணவன் தோட்ட அலுவலகத்தில் முற்பணம் கேட்கலாம். கூட்டத்துக்கு முதல்நாள் அடுத்த காம்பராவுக்குச் சென்று, இவ்வாரம் முடியாது என்று சொல்ல வேண்டியவனும் அவனே. கையொப்பம் அவனுடையதன்று என்பது அதற்குத் தடையாகாது. அயற்பெண்கள் முணுமுணுத்தவாறே தமக்குள் பகிர்ந்து செலுத்துவர். அடுத்த சம்பளத்தில் முதலிற் கொடுக்க வேண்டியது அவர்களுக்கா, அடகுக்கடை வட்டிக்கா என்பதை, வைத்தியசாலையிலிருந்து திரும்பும் பேருந்திலேயே இருவரும் பேசத் தொடங்கியிருப்பர்.