கொட்டகையில் குவிந்த பற்று



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தருளிய அணுவிரதங்கள் ஐந்து. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்பன அவை. முதல் நான்கினை மீறினால் மனம் உறுத்துகிறது, ஊரும் பழிக்கிறது. ஐந்தாவதை மீறுவோரை எவரும் பழிப்பதில்லை. ‘செழிப்பாக வாழ்கிறார்’ என்று புகழவே செய்கின்றனர். ஆதலால் இவ்விரதம் நாம் அறியாமலே நம் கையை விட்டு நழுவுகிறது. அது நழுவிய இடத்தை என் இல்லத்துக் கார் கொட்டகையில் கண்டேன். அதனை உங்கள்முன் வைக்கிறேன்.

காரை நிறுத்துவதற்கென்றே கட்டிய கொட்டகை அது. ஆனால் கார் பல்லாண்டுகளாகத் தெருவில் வெயிலிலும் மழையிலும் நின்றது. கொட்டகையிலோ கால் உடைந்த நாற்காலிகள், தேய்ந்த டயர்கள், ஓடாத மின்விசிறிகள், காய்ந்த பெயின்ட் டப்பாக்கள், பிள்ளைகளின் பழைய பாடநூல்கள், பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், என் தந்தையாரின் மிதிவண்டி ஆகியவை குடியிருந்தன. ‘என்றைக்காவது உதவும்’ என்னும் ஒரே சொல் அவை அனைத்தையும் காத்து நின்றது.

சென்ற கோடையில் எலித்தொல்லை மிகவே, துப்புரவு செய்ய ஒருவரை அழைத்தேன். கதவைத் திறந்து பார்த்த அவர், “ஐயா, முதல்ல எலி மருந்து வச்சிடலாமா?” என்று கேட்டார். ‘ஆகட்டும்’ என்று என் தலை அசையப் போயிற்று. பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகும் குடும்பத்தில் பிறந்தவன் நான். புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர், எலியோ ஐந்தறிவுயிர் என்று சிறுவயதிலேயே பாடம் கேட்டவன். இருளும் மெத்தையும் அளித்து அவ்வுயிரைக் குடியமர்த்தியவன் நான். நஞ்சு வைக்க ஒப்புபவனும் நானா? மிகுபொருள் சேர்த்தல் ஐந்தாம் விரதத்தை மட்டும் கெடுப்பதன்று. முதல் விரதமாகிய கொல்லாமையின் வேரையும் அரிக்கும் என்பது அப்போது விளங்கிற்று.

“மருந்து வேண்டாம், ஒவ்வொன்றாக மெதுவாக எடுப்போம்” என்றேன். ஒரு மெத்தையைத் தூக்கியபோது கண் திறவாத குஞ்சுகள் ஐந்து கிடந்தன. மெத்தையை இருந்தபடியே வைத்துவிட்டு வேலையை நிறுத்தினோம். மறுநாள் பார்க்கையில் குஞ்சுகள் அங்கில்லை. தாய் கவ்விச் சென்றிருக்க வேண்டும். தன் குஞ்சுகளை மட்டுமே அது எடுத்துச் சென்றது. மெத்தையின்மேல் அதற்கு உரிமையும் இல்லை, பற்றும் இல்லை. நான்தான் இன்னும் அதனை ‘என்னுடையது’ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிலம், வீடு, பொன், தானியம், ஆடை, பாண்டம் முதலாகப் புறப்பற்று பத்து வகை. மித்தியாத்துவமும் குரோதம், மானம், மாயை, லோபம் முதலியனவுமாக அகப்பற்று பதினான்கு வகை என்பர் பெரியோர். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுகையில் பொருளைச் சுட்டவில்லை. பொருளின்மேல் கொள்ளும் மயக்கத்தையே சுட்டினார். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தின் குற்றங்கள் ஐந்தினை எண்ணுமிடத்து, அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்தலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். பயன்படுத்துவதற்கு வைத்திருப்பது ஒன்று. விட மனமின்றி வைத்திருப்பது வேறொன்று. என் தந்தையாரின் மிதிவண்டி துருவேறி நின்றது அவர்மீது கொண்ட அன்பினால் என்றே எண்ணியிருந்தேன். அன்பாயின் துடைத்து எண்ணெய் இட்டிருப்பேன் அல்லவா?

மூன்றாம் நாள், அடியில் கிடந்த தகரப்பெட்டியில் அவருடைய குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. தாம் ஏற்ற பொருள் வரையறையை அவர் தம் கையாலேயே எழுதியிருந்தார். வேட்டி 6, துண்டு 4, செம்பு 2, மிதிவண்டி 1 என்று அரைப்பக்கத்தில் அப்பட்டியல் முடிந்துவிட்டது. அவருடைய மகன் சேர்த்தவற்றை எழுத அந்த ஏடு முழுவதும் போதாது. அந்தக் கொட்டகை வாயிலில் நான் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

அன்பர்களே! இத்தகைய இடம் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். பரணாகவோ, மாடிப்படியின் அடியாகவோ இருக்கலாம். அதனைச் சீர்செய்யும் முறையும் நம் அறத்திலேயே உள்ளது. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மயிற்பீலியால் மெல்ல நீவி, உயிர்களை விலக்கிய பின்னரே எடுத்து வைப்பது முனிவர்களின் சமிதிகளுள் ஒன்று. நாமும் நல்ல பகல் வெளிச்சத்தில் மென்மையான துடைப்பங்கொண்டு செய்வோம். சாக்கினை இழுக்காமல், தட்டிப் பார்த்துத் தூக்குவோம். வெளிப்படும் உயிர்களை நிழலில் விடுவோம். குப்பையைக் கொளுத்தாதிருப்போம், அதில் மாளும் உயிர்களுக்குக் கணக்கில்லை. நூல்கள் படிப்பார் கைக்குச் சென்றால் சாத்திரதானம். நஞ்சின்றி உயிர்களை வழியனுப்பினால் அபயதானம். ஆனால் உடைந்ததையும் கிழிந்ததையும் ஏழையிடம் தள்ளுவது தானமாகாது. பழுது நீக்கிக் கொடுத்தலே தானம். அம்மிதிவண்டிக்குப் புது டயர் போட்டு, துணி தேய்ப்பவரின் மகனுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கு நடந்தே சென்றவன் அதில் ஏறிச் சென்றபோது என் தந்தையாரையே கண்டது போலிருந்தது.

தசலட்சணப் பருவத்தில் எட்டாம் நாள் உத்தம தியாகம்; ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யம். கொடுப்பதோடு அறம் நிறைவதில்லை. ‘எனதென்று யாதுமில்லை’ என்னும் தெளிவு அதன்பின் வர வேண்டும். அத்தெளிவின்றிக் கொட்டகையை வெறுமை செய்தால் ஓராண்டில் மீண்டும் நிரம்பிவிடும். ஆதலால் துப்புரவு முடிந்த அன்றே ஓர் ஏட்டினை எடுங்கள். இன்னின்ன பொருள் இத்தனை போதும் என்று குடும்பத்தார் கூடி எழுதுங்கள். என் தந்தையாரின் ஏட்டில் அரைப்பக்கம் எஞ்சியிருந்தது. என் வரையறையை அதில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்திற்குள் முடிக்க முயன்று வருகிறேன்.

கார் இப்போது கொட்டகையில் நிற்கிறது.

ஜினதருமம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!