உலர்ந்த காளானும் உலராத ஆசையும்

வெளிமாநிலங்களில் பணியாற்றும் நம் இளைஞர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். "பச்சை இஞ்சியை விலக்கும் நம் இல்லங்களில் சுக்கைச் சேர்க்கிறோம். உலர்ந்தபின் அதில் உயிர் இல்லை என்பதே காரணமெனில், உலர்ந்த காளானை மட்டும் விலக்குவது ஏன்?" என்பதே அவ்வினா. இதனைக் குறும்பு என்று ஒதுக்குதல் தகாது. காரணம் அறிந்து ஒழுகுவதே நற்காட்சிக்கு அழகாதலின், விடை காண முயல்வோம்.

முதலில் அப்பொருளை அறிவோம். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் பனி உருகும் இளவேனிற் காலத்தில், மலைக்காடுகளில் ஒருவகைக் காளான் முளைக்கிறது. வடநாட்டார் அதனைக் 'குச்சி' என்பர். அதன் தலை தேன்கூடு போலக் குழிகள் நிறைந்தது. மலைவாழ் மக்கள் அதனைத் தேடிப் பறித்து, நூலில் கோத்து உலர்த்துகின்றனர். பத்துக் கிலோ பச்சைக் காளான் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோவே தேறும். ஆகவே ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகிறது. அதனை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, குழிகளில் தங்கிய மண்ணைக் கழுவி, ஊறிய நீரையும் வடிகட்டி, நெய்யில் வதக்கிப் புலவில் சேர்க்கின்றனர். வடநாட்டுத் திருமண விருந்துகளில் இது பெருமைக்குரிய உணவு.

நம் நூல்கள் காளானைச் சாதாரண வனஸ்பதி என வகுக்கின்றன. அதாவது, ஓருடலில் அனந்த ஜீவன்கள் ஒன்றாய் உணவு கொண்டு, ஒன்றாய் உயிர்க்கும் இனம் அது. மேலும் காட்டுக் காளானின் குழிகளிலும் தசையிலும் சிறு பூச்சிகளும் புழுக்களும் தங்குவதுண்டு. உலர்த்துகையில் அவ்வியங்குயிர்களும் மடிகின்றன. சுக்கிற்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இது. எனினும் இதனோடு நின்றால், "பூச்சியற்ற காளான் கிடைத்தால் உண்ணலாமா?" என்ற அடுத்த வினா எழும். ஆகவே இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இத்தகைய ஐயத்தை எதிர்கொள்கிறார். அத்தி, ஆல், அரசு முதலான ஐவகைக் கனிகளை விலக்கக் கூறியவர், அவை காலத்தால் உலர்ந்து இயங்குயிர் அற்றுப் போயினும் உண்பதில் ஹிம்சை உண்டு என்கிறார். அந்த ஹிம்சை மிகுந்த விருப்பின் வடிவானது என்பது அவர் கருத்து. உயிர் நீங்கிவிட்டதா என்று பொருளை மட்டும் நோக்காமல், உண்பவன் உள்ளத்தையும் நோக்கச் சொல்கிறார்.

இவ்வளவுகோலைக் கொண்டு குச்சியை அளந்து பாருங்கள். பசி தீர்க்க அது தேவையில்லை. ஊன்சாற்றை ஒத்த சுவைக்காகவும் அரிய பொருள் என்னும் பெருமைக்காகவும் அதனை வாங்குகின்றனர். நாம் பறிக்கவில்லை, உலர்த்தவில்லை என்றும் தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில், விலை கொடுப்போர் இரண்டாவதிலேனும் நிற்கின்றனர். வாங்கி உண்பார் இல்லையெனில் விற்பாரும் இரார் என்னும் உண்மையைப் புலால் மறுத்தல் அதிகாரம் நமக்கு உணர்த்தியுள்ளது.

அவ்வாறாயின் சுக்கு? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். சுக்கும் நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த கிழங்கே. அதில் தீங்கே இல்லை என்று நாம் வாதிட்டால் அது பொய்யாகும். ஒரு துண்டு பல நாளைக்குப் போதும். செரிமானத்திற்கும் சளிக்கும் மருந்தாகிறது. அதனை விருந்தென எண்ணி எவரும் ஏங்குவதில்லை. தீங்கும் சிறிது, விருப்பும் சிறிது என்பதாலேயே இல்லறத்தார்க்கு அது இசைந்தது. "உலர்ந்தால் உயிரில்லை, ஆகவே உண்ணலாம்" என்று பிள்ளைகளுக்குப் பாதிக் காரணத்தை மட்டும் சொல்லி வைத்தவர் பெரியோராகிய நாமே. அக்காரணத்தையே அவர்கள் இன்று நம்மிடம் திருப்பித் தருகின்றனர். பிழை அவர்களுடையது மட்டுமன்று.

இதனால் மலைமக்களை இகழ்தல் கூடாது. அவர்களுக்கு அது ஆண்டில் சில வாரங்களே கிட்டும் வருவாய். விருந்தில் அதனை உண்ணும் நண்பரைக் கடிந்துரைப்பதும் அறமன்று, கடுஞ்சொல்லும் ஹிம்சையே. "எனக்கு வேண்டாம்" என்று இன்முகத்துடன் கூறி, வெறுஞ்சோறும் பருப்பும் கேட்டு உண்பது போதும்.

அன்பார்ந்த இளைஞர்களே! தட்டில் உள்ளது உலர்ந்ததா என்று பார்ப்பது எளிது. அதன்மேல் செல்லும் ஆசை உலர்ந்ததா என்று பார்ப்பதே அரிது. சுக்குக் காப்பியை இரண்டாம் முறை கேட்கும்போதும் அவ்வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.