பிறர் பலனைத் துறக்க நமக்கு உரிமை உண்டா?

புனே நகரிலிருந்து லோஹேகாவ் விமான நிலையத்திற்குச் செல்பவர்கள் பெரும்பாலும் ஏரவாடாவைக் கடந்தே செல்கிறார்கள். காந்தியடிகள் பலமுறை அடைபட்டிருந்த மத்தியச் சிறை அங்கே இருக்கிறது. அதே பகுதியில் இன்று தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் உயர்ந்த வளாகங்களும் எழுந்துள்ளன. காலை நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டையுடன் உள்ளே நுழையும் இளைஞர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் உண்டு. அந்த அட்டை ஒருநாள் திரும்பப் பெறப்படுமானால், அதை அணிந்திருந்தவரிடம் எஞ்சுவது என்ன? அவருக்கும், பக்கத்தில் அமர்ந்து உழைத்தவர்களுக்கும் இடையே எஞ்சுவது என்ன?

இந்தக் கேள்வி வெறும் கற்பனை அன்று. 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் நிறுவனம், 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குச் சென்ற விமானத்தோடு தன் சேவையை நிறுத்திக்கொண்டது. விமானிகள், பொறியாளர்கள், பணிப்பெண்கள், பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தவர்கள் என்று பல்லாயிரம் பேர் ஒரே நாளில் நிலைகுலைந்து நின்றனர். அவர்களுள் பலருக்கு அதற்கு முன்பே சம்பளம் நின்றுபோயிருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் இரவு பகலாக இணைந்து உழைத்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் விடைபெற வேண்டியதாயிற்று.

ஆறுதல் சொல்லும் முன்

இவ்வாறு வேலை இழந்தவர் நம்மிடம் வரும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘எதுவும் நிலையில்லாதது, பற்றை விடுங்கள், பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்யுமாறு கீதை கூறவில்லையா?’ என்கிறோம். ஆன்மிக நாட்டம் உடையவர்களின் நாவில் இத்தகைய சொற்கள் எளிதாக வந்துவிடுகின்றன. அவை உண்மையே. ஆனால் உண்மையான ஒரு சொல்லும், சொல்லத் தகாதவர் சொல்லத் தகாத இடத்தில் சொன்னால் அநீதிக்குத் துணையாகிவிடும்.

பலனைத் துறத்தல் என்பதற்கு ஓர் எளிய நிபந்தனை உண்டு. துறக்கப்படும் பொருள் துறப்பவருக்கு உரியதாக இருக்க வேண்டும். என் கையிலுள்ள பழத்தை நான் துறக்கலாம், அது தியாகம். அடுத்தவர் கையிலுள்ள பழத்தைப் பறித்துவிட்டு, ‘பற்றின்றி இரு’ என்று அவருக்கு உபதேசித்தால் அதற்கு வேறு பெயர். மூன்று மாதச் சம்பளத்தை நிலுவையில் வைத்திருக்கும் முதலாளிக்கு, அந்தச் சம்பளத்தின்மீது பற்று வைக்கக்கூடாது என்று தொழிலாளிக்குப் போதிக்கும் தகுதி இல்லை. வெளியே நின்று பார்க்கும் நமக்கும் அது இல்லை.

சௌனகரும் தருமபுத்திரரும்

இந்த நுட்பத்தை மகாபாரதத்தின் வனபர்வம் அழகாக எடுத்துக் காட்டுகிறது. சூதாட்டத்தில் நாட்டை இழந்த பாண்டவர்கள் காட்டிற்குப் புறப்படுகிறார்கள். அவர்களைச் சார்ந்து வாழ்ந்த அந்தணர்கள், திரும்பிப் போகுமாறு எவ்வளவோ வேண்டியும் கேட்காமல் பின்தொடர்கிறார்கள். அவர்களுக்கு உணவிட வழியில்லையே என்று யுதிஷ்டிரர் மனம் உடைகிறார்.

அப்போது சாங்கியத்திலும் யோகத்திலும் தேர்ந்த சௌனகர் அவருக்கு நீண்ட உபதேசம் செய்கிறார். ஆசை எப்படித் துன்பத்திற்கு வித்தாகிறது, பொருளைத் தேடுவதிலும் காப்பதிலும் இழப்பதிலும் எத்தனை வேதனை இருக்கிறது என்றெல்லாம் விளக்குகிறார். உபதேசத்தில் பிழை ஒன்றுமில்லை. யுதிஷ்டிரரும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பதில் நம் சிந்தனைக்கு உரியது. தாம் பொருளை விரும்புவது தம் இன்பத்திற்காக அல்ல என்றும், தம்மை நம்பி வந்தவர்களைப் பேணுவதற்காகவே என்றும் அவர் கூறுகிறார். தம்மைச் சார்ந்தவர்களுக்கு உணவிடாமல் ஓர் இல்லறத்தான் எப்படி இருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி.

தம் அரசை இழந்ததற்கு அவர் அழவில்லை. அது அவருடைய பற்றின்மை. பிறருடைய பசியை அவர் தத்துவத்தால் மூடவும் இல்லை. அது அவருடைய தர்மம். இவ்விரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். பின்னர் தௌமியரின் அறிவுரைப்படி சூரியனை வழிபட்டு அவர் பெற்ற செப்புப் பாத்திரத்தின் கதையை நாம் அறிவோம். அதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தணர்கள் உண்ட பிறகு தம்பியர் உண்டனர். அவர்களுக்குப் பிறகே யுதிஷ்டிரர் உண்டார். திரௌபதி எல்லோருக்கும் பின்னர் உண்டாள். வீழ்ச்சிக்குக் காரணமாக இருந்தவர், எஞ்சியதைப் பகிரும் வரிசையில் முதலிடத்தில் நிற்கவில்லை.

சட்டமும் ஒரு வரிசையை வகுக்கிறது

ஒரு நிறுவனம் மூழ்கும்போது எஞ்சியதை யார் முதலில் பெறுவது என்ற கேள்வியை இந்நாட்டின் சட்டமும் சந்தித்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நிறுவனம் கலைக்கப்படும்போது நடவடிக்கைச் செலவுகள் முதலில் தீர்க்கப்படுகின்றன. அடுத்து, தொழிலாளர்களின் கடைசி 24 மாத நிலுவை, ஈட்டின் பேரில் கடன் கொடுத்த வங்கிகளின் பாக்கிக்குச் சமமான இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை அதற்கு அடுத்த படியில் வருகிறது. பங்குதாரர்கள் கடைசியில் நிற்கிறார்கள். வியர்வையையும் கடனாகக் கருத வேண்டும் என்ற அறம் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது.

ஆனால் வரிசையில் இடம் இருப்பது வேறு, கையில் பணம் வந்து சேர்வது வேறு. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்களுக்கு வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகத் தரவேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. நிறுவனத்தை எடுத்து நடத்த முன்வந்தவர்களின் திட்டமோ நிறைவேறவில்லை. 2024 நவம்பர் 7-ஆம் நாள் நிறுவனத்தைக் கலைத்துவிடுமாறு உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. கடைசி விமானம் தரையிறங்கி அப்போது ஐந்தரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படியானால், நிலுவைக்காகப் போராடும் ஊழியர் பற்றுடையவராகிவிடுகிறாரா? இல்லை. கீதை போர்க்களத்தில் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செய்ய வேண்டியதை வெறுப்பின்றிச் செய் என்பதே அதன் சாரம். தமக்கும் தம் தோழர்களுக்கும் உரியதை உறுதியாகக் கேட்பதும், கேட்கும்போது உள்ளத்தில் நஞ்சு சேராமல் காப்பதும் கர்மயோகமே. அவர் துறக்க வேண்டியது பகையை. தம் கூலியை அன்று.

பதவி போனபின் எஞ்சுவது

இனி, வேலை இழந்தவரின் உள்ளத்தினுள் எழும் கேள்வி. ‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். கணக்கேட்டில் குறைவது ஓர் எண்ணிக்கை. ஆனால் அதைக் கேட்பவர் தாமே குறைந்துவிட்டதாக உணர்கிறார்.

1922 மார்ச் மாதத்தில் கைது செய்யப்பட்ட காந்தியடிகளிடம் தொழில் என்ன என்று கேட்கப்பட்டபோது, பாரிஸ்டரான அவர் தம்மை உழவர், நெசவாளர் என்று கூறினார். ஆறாண்டுத் தண்டனை பெற்று ஏரவாடாச் சிறைக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில், அவர் சிறையில் இருக்கும்போதே, லண்டனின் இன்னர் டெம்பிள் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. பட்டம் போயிற்று, ராட்டை சுழன்றுகொண்டிருந்தது. 1930-இல் மீண்டும் அதே சிறையில் இருந்தபோது ஆசிரமத்தவருக்கு வாரந்தோறும் எழுதிய கடிதங்களில், உடலுழைப்பையும் உடைமையின்மையையும் விரதங்களாக அவர் விளக்கினார். அவருடைய உழைப்பு, பிறர் கொடுத்து எடுக்கும் பதவியைச் சார்ந்திருக்கவில்லை.

அவர் விரும்பி ஏற்றதை, விரும்பாமல் இழந்தவருக்கு அப்படியே பொருத்திக் கூறுவது முறையன்று. வீட்டுக் கடனும் குழந்தைகளின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்கும்போது இழப்பு இழப்புதான். ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். நிறுவனம் கொடுத்த பெயரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். பிழையைப் பொறுமையாகச் சுட்டிக்காட்டியதும், இளையவருக்கு வேலையைக் கற்றுக் கொடுத்ததும், நோயுற்றவரின் பணியைச் சேர்த்துச் செய்ததும் அது கொடுத்தவை அல்ல. ஆகவே அவற்றை அதனால் திரும்பப் பெறவும் முடியாது.

போய் வருகிறேன்

தமிழர்கள் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். மராத்தியர்கள் புறப்படும்போது ‘வருகிறேன்’ என்ற பொருள்படும் சொல்லையே சொல்லி எழுகிறார்கள். பிரிவிலும் உறவை அறுக்காத பண்பு இரு மொழிகளிலும் குடியிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும், ஆட்குறைப்பு செய்த நிறுவனம் மறுபடி ஆள் எடுக்கும்போது முன்பு நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று விதித்திருந்தது. அதுவும் ஒருவகையில் ‘போய் வாருங்கள்’ என்பதே.

ஆனால் நடைமுறையில், வேலை இழந்தவரின் கண்ணைப் பார்க்க எஞ்சியவர்கள் கூசுகிறார்கள். நாளை நமக்கும் இதுவே என்ற அச்சம் ஒருபுறம்; நாம் மட்டும் தப்பினோமே என்ற உறுத்தல் மறுபுறம். அதனால் பேச்சு குறைகிறது. சில வாரங்களில் தொடர்பே அற்றுப்போகிறது. நம் சாதனை இங்கேதான் தொடங்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர், செய்தியைக் கடிதத்தில் அனுப்பி ஒதுங்கிவிடாமல் நேரில் சொல்லட்டும். பொய் நம்பிக்கை தராமல் உண்மையைக் காலத்தே சொல்லட்டும். சான்றிதழ்களையும் நிலுவைக் கணக்கையும் தாமதமின்றி முடித்துக் கொடுக்கட்டும். உடன் உழைத்தவர், விடைபெற்ற அன்று தேநீர் கொடுத்ததோடு நில்லாமல் ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குச் செல்லட்டும். அப்போது தத்துவத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அடுப்பு எரிகிறதா, குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்கட்டும்.

பற்றின்மையை நம் பலனில் பழகுவோம். பிறருடைய பலனில் நீதியைப் பழகுவோம். இவ்விரண்டையும் இடம் மாற்றாமல் காப்பதே விவேகம்.